ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்

என் மகள் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். தினமும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் போன் செய்வாள். பள்ளியில் படிக்கும்போது நன்றாகப் படம் வரைவாள். போன வாரம் பேசும்போது, "இப்பல்லாம் வரையறியாம்மா?" என்று கேட்டேன். "எங்கப்பா நேரம்? வீட்டுக்கு வந்தா கண்ணைத் திறந்து வச்சிருக்கவே முடியல. எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இந்த வாக்கியத்தை நானும் அதே வயதில் அதே குரலில் சொல்லியிருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் சொல்லியிருப்போம். அது தவறு என்று சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் ஒருவன் சொன்னால்தான் இதை நம்புவார்கள்.

நான் கும்பகோணத்தில் ஒரு வங்கியில் 1981-இல் எழுத்தராகச் சேர்ந்து, 2018-இல் தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றவன். முப்பத்தேழு வருஷம் பிறர் பணத்தை எண்ணியே கழிந்தது. அதற்கு முன்னால் எனக்கு வேறு ஓர் ஆசை இருந்தது. எங்கள் வீட்டில் ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களை அப்பா கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் அந்த பைண்டை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் பார்த்துப் பார்த்து வரைவேன். கல்லூரியில் சேர்ந்தபோது என் மாமா தன்னுடைய ஆக்பா கிளிக் த்ரீ கேமராவை ஒரு மாதம் இரவல் கொடுத்தார். ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டே படம். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம் கிடைத்த காலம். பன்னிரண்டில் நாலு தேறினால் பெரிய சந்தோஷம்.

இதெல்லாம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். சினிமாவில் வருவது போல அப்பா பென்சிலைப் பிடுங்கி எறியவில்லை. யாரும் தடுக்கவில்லை. வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், தங்கைக்கு வரன் பார்த்தோம், வீடு கட்டக் கடன் வாங்கினோம். ஒருநாள் பார்த்தால் அந்த பைண்டு பரணில் கிடக்கிறது. நின்றுபோன நாள் எது என்றே தெரியாமல்தான் நம் ஆசைகள் நின்றுபோகின்றன.

2015 தீபாவளிக்கு வந்தபோது மகள் தன் டிஜிட்டல் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போன கேமரா. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அடுத்த பிப்ரவரியில் மகாமகம். கேட்க வேண்டுமா? மகாமகக் குளத்தையும் கூட்டத்தையும் எடுத்துப் பத்திரிகைகளுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டேன். 2016 பிப்ரவரி 22 அன்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் 312 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் முன்னால் நின்றவரின் பின்னந்தலை துல்லியமாக இருக்கிறது, குளம் மங்கலாக இருக்கிறது. தண்ணீரின் பளபளப்பில் பாதிப் படம் வெளுத்துவிட்டது. ஒன்று கூடத் தேறவில்லை.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருந்தார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதை எடுக்கப் போனீங்க. இனிமே தினமும் வர்றதை எடுங்க."

அவரிடம்தான் பாடம் கேட்டேன். கேமராவில் என்னைக் குழப்பியது எஃப் நம்பர். எண் சிறிதானால் துவாரம் பெரிதாகும் என்பது மண்டையில் ஏறவில்லை. அவர் கேட்டார்: "நீங்க பேங்க்காரர். ரெண்டுல ஒரு பங்கு பெரிசா, எட்டுல ஒரு பங்கு பெரிசா?" அவ்வளவுதான், விளங்கிவிட்டது. எஃப் நம்பர் ஒரு பின்னத்தின் கீழ் எண். ஜன்னல் எவ்வளவு அகலம் திறக்கிறது என்பது அது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர். உள்ளே வரும் வெளிச்சத்துக்கு எவ்வளவு கூச்சப்படுகிறோம் என்பது ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கூட்டிக் கழித்துக் கணக்கு நேராக்க வேண்டும். பற்று வரவு எழுதியவனுக்கு இது பழகிய வேலைதான்.

முதல் மாதம் கோயில், குளம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கும் பித்தளைச் சொம்பு ஒன்றை ஜன்னல் ஓரம் வைத்து தினமும் ஒரு படம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் பத்தாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. காலை ஆறரை மணிக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது சொம்பின் வளைவு திரண்டு தெரிகிறது. ஒன்பது மணிக்கு அதே சொம்பு தட்டையாகிவிடுகிறது. மேகம் போட்ட நாளில் வேறு ஒரு சொம்பு. நாற்பது வருஷமாக அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்தவன், அன்றுதான் அதைப் பார்த்தேன்.

பிறகு தாராசுரம் போனபோது இந்தப் பாடத்தின் அருமை புரிந்தது. எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே நாயன்மார் கதைகளைச் சொல்லும் சிற்பங்கள் கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் சுவரில் ஒட்டிய காகிதம் போல ஆகிவிடும். இளவெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் முகத்துக்கு மூக்கு வரும், கைக்கு விரல் வரும். சிறு வயதில் சில்பியின் படங்களில் நான் வரைந்து பழகியது அந்த நிழலைத்தான் என்று அப்போது உறைத்தது. விட்டுப்போன இடத்துக்கே வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தேன்.

இதெல்லாம் ஓய்வாக இருந்தபோது நடந்ததல்ல. காலை ஒன்பதரைக்கு வங்கியில் இருக்க வேண்டும். கல்லா நேராகி வீடு திரும்ப ஏழரை, எட்டு. வந்ததும் நாற்காலியில் சாய்ந்து டி.வி.யைப் போட்டுவிட்டு, என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்கும்போது களைப்பு அப்படியே இருக்கும். அதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் இப்படித்தான் போனது.

நான் கண்டறிந்தது இதுதான். களைப்பு இரண்டு வகை. ஒன்று தூங்கினால் போகும். மற்றொன்று தூங்கினாலும் போகாது. நாள் முழுக்கப் பிறர் சொன்னதையே செய்து, நமக்கென்று ஒன்றும் செய்யாமல் வரும் அலுப்பு அது. அதற்கு நமக்குப் பிடித்ததைக் கொஞ்சமாவது செய்வதுதான் மருந்து. இரவில் பதினைந்து நிமிஷம் சொம்போடும் ட்யூப்லைட்டோடும் மல்லாடிவிட்டுப் படுத்தால், டி.வி. பார்த்துவிட்டுப் படுத்ததைவிட நன்றாகத் தூக்கம் வந்தது. ட்யூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை மினுக்குவதையும், ஷட்டரை வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வருவதையும் அந்த இரவுகளில்தான் கற்றேன். வெயில் இல்லாத நேரத்தில்தான் எனக்கு நேரம் கிடைத்தது. அதனால் வெயில் இல்லாமல் எடுக்கப் பழகினேன்.

"உங்களுக்கென்ன சார், ஒரு பிடிவாதம் இருந்தது" என்று நினைப்பீர்கள். அதே 2016-இல் நவம்பர் 8 இரவு என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பத்தாம் தேதி வங்கியைத் திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அந்தச் சனி, ஞாயிறும் வேலை. வரிசையில் நின்ற உங்களுக்கு அது ஒரு கதை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு வேறு கதை.

18-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மாற்றிக்கொள்ளும் தொகையை 4,500 ரூபாயிலிருந்து 2,000 ஆகக் குறைத்திருந்தார்கள். அன்று முழுக்கத் திட்டு. மாலையில் கல்லா எண்ணியபோது ஆயிரம் ரூபாய் குறைந்தது. என் கைப்பணத்தைப் போட்டு நேர் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது இரவு மணி பத்து நாற்பது. மனைவி சாப்பாட்டைச் சூடு செய்யப் போனாள். அம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயது எண்பத்து மூன்று. நான் வந்து சாப்பிடும் வரை படுக்க மாட்டார். மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பது ஒரு சாக்கு.

தினம் ஒரு படம் என்ற கணக்கில் அன்றைய படம் பாக்கி. கேமரா மேசை மேலேயே இருந்தது. எடுத்து அம்மாவைப் பார்த்துத் திருப்பினேன்.

"ஏன் தம்பி, வெங்காயம் உரிக்கிறவளப் போயி படம் எடுக்கிறியே? ஞாயித்துக்கிழமை நல்ல சேலையா கட்டிக்கிட்டு உக்கார்றேன், அப்ப எடு" என்றார்.

பதில் பேசக்கூடத் தெம்பு இல்லை. துவாரத்தை முழுக்கத் திறந்து, ஷட்டரை முப்பதில் ஒரு நொடி வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1,600-க்கு ஏற்றி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வங்கிக்கு விடுமுறை விட்டார்கள். நான் மாலை வரை தூங்கினேன். அம்மா நல்ல சேலை கட்டினாரா என்று கூட நினைவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு பொங்கல், பிறகு மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. அடுத்த ஐப்பசியில் அம்மா போய்விட்டார். நல்ல சேலைப் படம் எடுக்கப்படவே இல்லை.

காரியத்துக்கு முன்னால் படம் வேண்டுமே என்று தேடினோம். நம் வீடுகளில் எப்போதும் நடப்பதுதான். ஒன்று அடையாள அட்டைப் படம், இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் நிற்பதை வெட்டிப் பெரிதாக்குவது. மகள் கல்யாணத்தில் அம்மா விறைத்துக்கொண்டு நிற்கும் படத்தைத் தம்பி எடுத்து வைத்தான். நான் வெங்காயப் படத்தைக் காட்டினேன். "இதையா மாட்டுவே? கையெல்லாம் ஆடியிருக்கு" என்றான். உண்மைதான், முப்பதில் ஒரு நொடியில் விரல்கள் கலங்கிவிட்டன. புள்ளி புள்ளியாகவும் இருந்தது. ஆனால் முகம் தெளிவு. வெங்காயக் காரத்தில் கண்ணில் நீர் கோத்து, "இப்பப் போயா" என்கிற சிரிப்பு. என் தங்கை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இதுதாண்ணே அம்மா" என்றாள். ஸ்டுடியோக்காரர் பெரிதாகப் பிரிண்ட் போடும்போது, "கையைச் சரி பண்ணிடட்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது.

நான் ரிட்டயர் ஆனது 2018-இல். அப்போது இன்னும் நல்ல லென்ஸ் இருந்தது, நேரம் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. அம்மா இல்லை.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கையும் காத்திருப்பதில்லை. எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார். இளவயதில் மிருதங்கம் நன்றாக வாசிப்பார். வேலையில் சேர்ந்ததும் உறை போட்டு மூடி வைத்தவர், முப்பது வருஷம் கழித்து ரிட்டயர் ஆன மறுமாதம் எடுத்தார். தோல் கெட்டுப்போயிருந்தது, மாற்றினார். விரலை மாற்ற முடியவில்லை. இப்போது கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறார். தினம் கால் மணி நேரம் தட்டியிருந்தால் போதும் என்று அவரே சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

எங்கள் ஊர் எழுத்தாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ந.பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தவர். இங்கே படித்த தி.ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் வானொலியிலும் பணியாற்றியவர். எம்.வி.வெங்கட்ராம் பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர். பென்ஷன் வரட்டும், எழுதலாம் என்று இவர்கள் காத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாள் முழுக்க வெயிலில் நாற்று நட்டு வந்தவரிடமோ, இரண்டு ஷிப்ட் பார்த்து வந்த செவிலியரிடமோ போய், "பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள்" என்று உபதேசம் செய்ய மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, வீட்டுக்கு வந்தும் நாற்காலியில் உட்கார்கிற என் மாதிரி ஆட்களுக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பதினைந்து நிமிஷமும் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தால், அந்த நேரத்தில் சமையலறையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

இதை எழுதுவதற்கு முன் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். களைப்போடேயே கலையைச் செய்ய வேண்டும் என்று பெரிய கண்டுபிடிப்பு போல விளக்கினேன். அவள் மோர் கடைந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, நாப்பது வருஷமா விடியக்காலம் எழுந்து கோலம் போடுறேனே, நான் என்ன ரிட்டயர் ஆகியா போட்டேன்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய விழித்திருந்த நாளிலும் வாசலில் நாலு புள்ளியாவது வைத்துத்தான் உள்ளே வருவாள். பெரிய கோலம் போட நேரம் இல்லாவிட்டால் சின்னக் கோலம். மத்தியானத்துக்குள் அழிந்துபோகும் என்று தெரிந்தும் மறுநாள் போடுவாள். மகாமகம், தாராசுரம் என்று அலைந்த நான் கற்க வேண்டியது என் வாசலிலேயே இருந்தது.

அவளையும் ஸ்டுடியோக்காரரையும் பார்த்து நான் கற்றதை, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக எழுதுகிறேன். சாமானை பீரோவுக்குள் வைக்கக் கூடாது. கேமராவோ, புல்லாங்குழலோ, வண்ணப்பெட்டியோ, களைத்து வரும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். உறையைக் கழற்றுகிற சோம்பலிலேயே பாதிக் கலை போய்விடுகிறது. அளவு சிறிதாக இருக்கட்டும். ஒரு படம், ஒரு கோடு, ஒரு சரளி வரிசை. புதிது புதிதாகச் சாமான் வாங்குவதைக் கலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அது கடைத்தெரு சுற்றுவது. செய்ததை உடனே எல்லாருக்கும் அனுப்பி, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது இன்னோர் ஆபீஸ் ஆகிவிடும். முதல் மாதம் எதையும் அழிக்கவும் வேண்டாம். வெங்காயப் படத்தை மறுநாள் பார்த்தபோது, "கை ஆடிவிட்டது" என்று அழிக்கத்தான் போனேன். பொத்தானை அமுக்கச் சோம்பல்பட்டதால் தப்பியது.

நமக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ரிட்டயர் ஆன நாமும் இப்போது வேறு சாக்கு வைத்திருக்கிறோம். முழங்கால் வலி சரியாகட்டும், கண் ஆபரேஷன் முடியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. எனக்கு அப்போது எழுபது. போகத்தான் போகிறேன். ஆனால் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

மகளிடம் அன்றிரவு நான் எதுவும் வாதாடவில்லை. அவளுடைய அப்பத்தாவின் படத்தை மறுபடி ஒரு தடவை அனுப்பி, எடுத்த தேதியையும் மணியையும் மட்டும் கீழே எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. ஆபீஸ் குறிப்பேட்டின் கோடு போட்ட தாளில், பென்சிலால் வரைந்த ஒரு காபி டம்ளர். டபரா கொஞ்சம் கோணல். இரவு பதினொன்று இருபதுக்கு அனுப்பியிருந்தாள்.

பரணிலிருந்து சில்பி பைண்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது அவளிடம் கொடுக்க வேண்டும்.